எம்டி3608 பூஸ்ட் போர்டு: சிப்பில் குறையில்லை, கோபமெல்லாம் அந்த நீல ப்ரீசெட் மேல்தான்

கரண்ட் போனாலும் வைஃபை ரவுட்டர் ஓட வேண்டும் என்று, பேரலலாக இணைத்த இரண்டு 18650 லித்தியம் செல்லும், செல்லின் குறைந்த வோல்டேஜை 12 வோல்ட்டாக ஏற்றித் தரும் ஒரு எம்டி3608 பூஸ்ட் போர்டும் வைத்து நான் செய்த பெட்டி சில வருஷமாக வீட்டில் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பிரிக்க வேண்டி வந்தது. காரணம் சிப் இல்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீல ப்ரீசெட், அதாவது வெளியே எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று திருகி வைக்கும் ரெசிஸ்டர்.

சிப்பைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு கால், அரிசியைவிடக் குட்டி. நொடிக்கு 12 லட்சம் தடவை காயிலை கிரவுண்டோடு சேர்த்து விடுவிக்கிறது. விடுவித்த கணத்தில் காயிலின் வோல்டேஜ் எகிறி, டையோடு வழியாக கெப்பாசிட்டருக்குப் போகிறது. செல் 4.2 வோல்ட்டில் இருந்தாலும் 3.3-க்கு இறங்கினாலும் வெளியே 12 வோல்ட் நிற்பதை மீட்டரில் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. போர்டில் சொல்லும் 2 ஆம்பியர் மட்டும் உள்ளே வரும் கரண்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுத்தால் 6 வாட், சேதாரத்தோடு 3.5 வோல்ட் செல்லிலிருந்து அதற்கே ஏறக்குறைய 2 ஆம்பியர் போய்விடும். என் ரவுட்டர் அதற்குள் அடங்குகிறது.

சரி, ப்ரீசெட். 104 என்று அச்சிட்ட 100 கே (கிலோ ஓம்). புதுப் போர்டில் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள், மீட்டர் நகராது. வைத்த அளவு இன்புட்டைவிடக் குறைவாக இருக்கும்வரை பூஸ்டுக்கு வேலையே இல்லை. இன்புட் டையோடைத் தாண்டி அப்படியே வெளியே வந்துவிடும். நல்ல போர்டைச் செத்துவிட்டது என்று தூக்கிப்போட இதுவே போதும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் 12.0-ல் நின்ற மீட்டர் 12.8 போய் 12.3-ல் வந்து நிற்கிறது! உள்ளே நகரும் தொடுமுனை சரியாகப் படியவில்லை. வெளியே வரும் வோல்டேஜின் ஒரு பங்கு ப்ரீசெட் வழியாக சிப்பின் ஃபீட்பேக் காலுக்குத் திரும்பி வருகிறது. சிப் பார்ப்பதெல்லாம் அந்தக் காலில் 0.6 வோல்ட் இருக்கிறதா என்பதைத்தான். தொடுமுனை முழுக்க விலகினால் அது குறைந்துவிடும். வெளியே இன்னும் பத்தவில்லை என்று சிப் ஏற்றிக்கொண்டே போகும். 28 வோல்ட் வரை தரக்கூடிய போர்டு இது. 12 வோல்ட் ரவுட்டர் என்ன கதிக்கு ஆளாகும்? இவ்வளவு நல்ல சிப்பை வைத்துவிட்டு, அதன் கடிவாளத்தை இப்படி ஒரு பொருளிடம் கொடுத்திருக்கிறார்களே என்றுதான் எரிகிறது.

ப்ரீசெட்டைக் கழற்றிவிட்டு 39 கே, 2.7 கே ரெசிஸ்டர்களை சீரீஸாக வைத்தேன். கிரவுண்ட் பக்கம் போர்டிலேயே 2.2 கே இருக்கிறது. 41.7-ஐ 2.2-ஆல் வகுத்து, 1 கூட்டி, 0.6-ஆல் பெருக்கினால் 11.97 வோல்ட். இப்போது எவ்வளவு தட்டினாலும் மீட்டர் அசையவில்லை. உங்கள் போர்டில் அந்த ரெசிஸ்டரில் 222 (அதாவது 2.2 கே) என்றுதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், செல் பக்கம் ஃபியூஸ் கட்டாயம். காயிலும் டையோடும் இன்புட்டை அவுட்புட்டோடு நேராக இணைக்கின்றன. சிப் நின்றாலும் அந்த வழி மூடாது, வெளியே ஷார்ட் ஆனால் செல்லின் கரண்ட் மொத்தமும் அதில் பாயும்.

அதே மாதிரி ஒன்று வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். இன்றைக்கு என் பதில், வேண்டாம். சிப் இந்த விலைக்குத் தங்கம்தான். ஆனால் அவர் சால்டரிங் அயர்ன் தொடாதவர். நீலத் திருகைத் திருப்பி அப்படியே ரவுட்டரில் மாட்டிவிடுவார். ப்ரீசெட் இல்லாமல் 12 வோல்ட் மட்டும் தரும் போர்டைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கட்டும். கையில் ஏற்கெனவே எம்டி3608 இருப்பவர்கள் ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டரை மாட்டி, ஒருமுறை தட்டிப் பாருங்கள்.