மாட்டுங்கா சனிக்கிழமை வகுப்பு: ஹிட்லர் காலத்துத் தெரு ஆள்

மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் தமிழில் வரலாற்று வகுப்பு எடுக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம், ஒரு தொடருக்கு 600 ரூபாய், காபியும் உண்டு. இந்த முறை எடுத்துக்கொண்டது நாஜிக் கட்சியின் அடிமட்ட ஆட்களைப் பற்றி. செம்பூரில் எங்கள் சொசைட்டிக்கு நான்தான் பொருளாளர். மாதாமாதம் வீடு வீடாக மெயின்டனன்ஸ் கேட்டுப் போகிறவன் என்பதால் எனக்கு இது ரொம்பவே உறைத்தது.

சார் வதை முகாம்களிலும் மேடைப் பேச்சுகளிலும் ஆரம்பிக்கவில்லை. நேராக ஒரு குடியிருப்பின் மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். கட்சி அமைப்பின் கடைசிப் படியில், 40 முதல் 60 குடும்பங்களுக்கு ஒருவர். பதவிப் பெயர் பிளாக்லைட்டர். சம்பளம் கிடையாது. அதே தெருவில் குடியிருப்பவர். பகலில் ஏதோ ஒரு வேலை, சாயங்காலம் கட்சி வேலை. சந்தா வாங்குவார், குளிர்கால நிவாரண நிதி வசூலிப்பார், விசேஷ நாளில் யார் வீட்டில் கொடி பறக்கிறது என்று பார்த்துக்கொள்வார். 1933 அக்டோபரிலிருந்து குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே சட்டியில் சமைத்த எளிய சாப்பாடு சாப்பிட வேண்டும். மிச்சமாகும் காசை வாங்க வாசலில் ஆள் வந்து நிற்கும். பேருக்கு அது விருப்பப்பட்டுக் கொடுப்பது. கொடுக்காதவர் யார் என்பதும் சேர்ந்தே பதிவாகிவிடும்.

இந்த ஆட்கள் வீட்டுக்கு வீடு அட்டை வைத்திருந்தார்கள். அதைப் போல ஒன்றைத் தமிழில் தயார் செய்து சார் எங்கள் எல்லோர் கையிலும் கொடுத்தார். பெயர், தொழில், என்ன பேப்பர் வாங்குகிறார்கள், ரேடியோ உண்டா, எந்தச் சங்கத்தில் உறுப்பினர், நன்கொடை எவ்வளவு. "பக்கத்து வீட்டுக்காரரை நினைச்சு எழுதுங்க. யாரையும் கேட்காம, உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதை மட்டும்" என்றார். பேனா எங்கேயும் நிற்கவில்லை. எதிர் ஃபிளாட்டில் எந்த மராத்தி பேப்பர் வருகிறது, கணபதிக்கு வர்கணி (வசூல் பணம்) எவ்வளவு தந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை யார் வந்து தங்குகிறார்கள் எல்லாமே எனக்குத் தெரிந்திருந்தது. எழுதி முடித்ததும் கேட்டார்: "இதுல எந்த வரியை மேலே அனுப்பினா அந்த வீட்டுப் பையனுக்கு வேலை கிடைக்காது?"

அப்புறம்தான் விவரத்துக்கு வந்தார். அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ ஆளைப் பற்றிக் கட்சியிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். கையெழுத்துப் போடுவது மேலே இருக்கும் கட்சித் தலைவர்கள்; தகவல் கிளம்புவது இந்த மாடிப்படியிலிருந்து. தாராவியிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர், "ரேஷன் கார்டும் இவர் கையிலதானா சார்?" என்று கேட்டார். போர்க் காலத்தில் வீடு வீடாகக் கார்டு கொடுத்ததும் இவர்கள்தானாம். 1939 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு வானொலி கேட்பதும் குற்றம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்காத அளவுக்கு வைத்துக் கேட்டவர்களைப் பற்றிச் சொன்னபோது கூடத்தில் யாரும் காபியைத் தொடவில்லை.

எந்த அக்கம்பக்கத்திலும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு இவ்வளவும் தெரிந்துதான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள மேலே ஒரு கட்சி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை. இந்த ஒரு மாலைக்கே 600 ரூபாய் தகும்.

குறையும் உண்டு. அந்த மாடிப்படிகளில் குடியிருந்த யூதக் குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் பாடம் முழுமையாகாது. போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தின் 1946 தீர்ப்பு, கட்சியின் தலைமை அணியைக் குற்ற அமைப்பு என்று அறிவித்தபோது கிளைத் தலைவர்களோடு நின்றுவிட்டது, பிளாக் ஆட்களைச் சேர்க்கவில்லை. மாமி ஒருவர் "அப்போ இவாள்லாம் அதே தெருவிலேயே இருந்தாளா?" என்று கேட்டார். அதற்குச் சரியான பதில் வரவில்லை, நேரம் ஆகிவிட்டது. கிழக்கு ஜெர்மனியில் விருந்தாளிகளை எழுதி வைத்த வீட்டுப் பதிவேடு, வட கொரியாவில் சில பத்துக் குடும்பங்களைக் கவனிக்கும் இன்மின்பான் என்ற அக்கம்பக்கக் குழுக்களின் தலைவிகள், ராத்திரி தங்க வருகிறவர்களைச் சோதிப்பது, 1960-இல் கியூபாவில் தொடங்கிய தெருக் குழுக்கள் எல்லாவற்றையும் கடைசி வகுப்பில் அள்ளித் தெளித்துவிட்டார். ஜெர்மன் ஜெராக்ஸ்களும் படிக்க முடியாத அளவுக்கு மங்கல்.

வயதானவர்கள் கவனிக்க: மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. காலேஜ் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்புங்கள். வட கொரியாவுக்கென்று தனித் தொடர் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், ஆள் சேர்ந்தால் எடுக்கிறேன் என்றிருக்கிறார். நானும் என் மகளும் பெயர் கொடுத்துவிட்டோம்.