எச்சரிக்கை: "டைல்ஸும் எங்களோடது, ஒட்டுறதும் எங்க ஆளுங்க" என்று ஒரு கடை சொன்னால்

பூஜை அறைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரை முதலில் மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தோம். ஐப்பசி மாதம், கடலூர், வேறென்ன நினைப்பது? மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தும் சொட்டு நிற்கவில்லை. அப்புறம்தான் கவனித்தோம், மாடியில் யாராவது குளித்துவிட்டு வந்து அரை மணி நேரம் கழித்துச் சொட்ட ஆரம்பிக்கிறது. அம்மா முருகன் படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, "குளிச்ச தண்ணி சாமி தலையில விழுது. இதுக்கா ரெண்டு லட்சம் குடுத்த?" என்றார்.

சரியாகச் சொன்னால் 2,14,000 ரூபாய். அது எப்படிப் போனது என்று எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பொதுவில் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில், அப்பா 1996-ல் கட்டியது. கீழே சமையலறை, மாடியில் பாத்ரூம், இரண்டையும் மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. ஆடித் தள்ளுபடி விளம்பரம் பார்த்துப் பாண்டிக்குப் போனோம். கடலூர்க்காரர்களுக்கு இது ஒரு பழைய பழக்கம். பாண்டியில் வரி குறைவு, அதனால் சாமான் மலிவு என்று எங்கள் அப்பா தலைமுறை சொல்லிச் சொல்லி வளர்த்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லையிலுள்ள ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டைல்ஸுக்கு ஒரே வரிதான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் கால் தானாக அங்கேதான் போனது.

ஷோரூம் பெரியது, ஏசி, காபி கொடுத்தார்கள். முதலாளி இனிமையாகப் பேசினார். "மேடம், நீங்க டைல்ஸ் ஒரு இடத்துல வாங்கி, மேஸ்திரிய ஒரு இடத்துல தேடினா நாளைக்கு ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடுவாங்க. எங்ககிட்ட டைல்ஸ், அத ஒட்டுற பசை அதசிவ், வாட்டர்ப்ரூஃபிங், லேபர் எல்லாம் ஒரே பேக்கேஜ். எது ஆனாலும் நான்தான் பொறுப்பு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இன்று யோசித்தால், பழி போட ஆள் இல்லாமல் செய்துகொள்வதற்கும் பேக்கேஜ் நல்ல வழிதான். எல்லாமே ஒருவர் என்றால் யாரும் யாரையும் சரிபார்க்க மாட்டார்கள்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: டைல்ஸ் இவ்வளவு, அதசிவ் 22 மூட்டை, பாத்ரூமுக்கு வாட்டர்ப்ரூஃபிங் 16,000, எபாக்ஸி கிரௌட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கிற பூச்சு) 9,500, பழைய டைல்ஸ் உடைத்து அப்புறப்படுத்த 4,000, கூலி தனி. மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்திருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை. "பில் போட்டா 18 சதவீதம் ஏறும் மேடம், உங்களுக்கு எதுக்கு?" என்றார். நானும் தலையாட்டினேன். அரசு அலுவலகத்தில் 17 வருடமாகக் கோப்பு பார்க்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஆவணி பிறந்ததும் வேலை தொடங்கியது. மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். நான் காலை ஒன்பதரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத் திரும்புவேன், அம்மாவால் மாடி ஏற முடியாது. ஆகவே பாத்ரூமில் என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் யாருமே பார்க்கவில்லை. 18 நாளில் முடித்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பாக்கிப் பணம் முழுவதையும் அன்று மாலையே அனுப்பினேன், மேஸ்திரிக்கு வேட்டி துண்டும் வைத்துக் கொடுத்தேன்.

முதல் வாரமே ஒன்று தெரிந்தது. குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் கதவு ஓரத்தில் குட்டையாக நிற்கும். தண்ணீர் போகும் ஓட்டை எதிர்மூலையில். வாட்டம் சரியில்லை. கொத்தனார்கள் அடிக்கு ஒரு நூல் வாட்டம் என்பார்கள், எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆறடி நீள பாத்ரூமுக்கு ஓட்டைப் பக்கம் முக்கால் அங்குலமாவது இறங்க வேண்டும். எங்கள் பாத்ரூமில் அது கதவுப் பக்கம் இறங்கியிருந்தது. தரைக்கு 2x2, அதாவது இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போடச் சொன்னதும் கடைக்காரர்தான், "ஜாயிண்ட் கம்மியா தெரியும்" என்று. அவ்வளவு பெரிய டைல்ஸை வெட்டாமல் சின்னத் தரையில் நாலு பக்கமிருந்தும் ஓட்டையை நோக்கிச் சாய்க்கவே முடியாது. ஓரடிக்கு ஓரடி, வழுக்காத மேட் டைல்ஸ் போட்டிருந்தால் வாட்டமும் வந்திருக்கும், அம்மாவைப் போன்றவர்களுக்குக் கால் பிடிமானமும் இருந்திருக்கும். கடைக்குப் போன் செய்தேன். "வைப்பர் வச்சு தள்ளிடுங்க மேடம், செட் ஆகிடும்" என்றார். தரை எப்படி செட் ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது சமையலறை. அடுப்புக்குப் பின்சுவரில் ஜாயிண்ட் எல்லாம் இரண்டே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள்தூளும் எண்ணெயும் தெறிக்கும் என்று தெரிந்துதானே எபாக்ஸிக்குக் காசு கொடுத்தேன். எபாக்ஸி என்பது ரெசின், ஹார்ட்னர் என்று தனித்தனியாக வரும், இரண்டையும் கலந்து பொடி சேர்த்துப் பூசுவார்கள், அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்குவதில்லை. வாளியில் தண்ணீர் விட்டு இவர்கள் வெள்ளைப் பொடியைக் கரைத்ததை அம்மா பார்த்திருக்கிறார். "கோலமாவு மாதிரி இருந்துச்சு" என்றார். அது ஒயிட் சிமெண்ட்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய ராத்திரி அதே சுவரில் ஒரு டைல்ஸ் தானாகக் கழன்று அடுப்பு மேல் விழுந்தது. ராத்திரியாக இருந்ததால் தப்பித்தோம். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒட்டிய தடயமே இல்லை. அது இருந்த இடத்தில் நடுவில் ஒன்று, நாலு மூலையில் நாலு, வடை தட்டியது போல ஐந்து சிமெண்ட் உருண்டை, அவ்வளவுதான். அதுவும் சுவரோடு நின்றுவிட்டது, டைல்ஸ் மட்டும் வழுவழு என்று வந்துவிட்டது. பக்கத்து டைல்ஸ்களை ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பானையைத் தட்டுவது போல் பொள்ளல் சத்தம்.

இது ஏன் என்று பிறகு வந்த நெல்லிக்குப்பம் மேஸ்திரிதான் விளக்கினார். பழைய காலச் சுவர் டைல்ஸ் செராமிக், தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் அதை ஒட்டுவதற்கு முன் தொட்டியில் ஊறப்போடுவார்கள், சிமெண்ட் பாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது வருகிற விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. சிமெண்ட் அதன் முதுகில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதற்கு அதசிவ்தான் வேண்டும். அதையும் உருண்டையாக வைக்கக்கூடாது, பல்லுக் கரண்டியால் சீப்பு வாரியது போல் முழுக்க இழுத்துவிட்டு அழுத்த வேண்டும். நடுவில் ஒரு டைல்ஸைப் பிய்த்து, முதுகு முழுக்கப் பசை பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் முதுகில் சூளையிலிருந்து வரும் வெள்ளைப் பொடியைக்கூட ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அவர் ஒட்டினார். எனக்கு எழுதிக் கொடுத்தது அதசிவ் 22 மூட்டை. வீட்டில் இறங்கிய மூட்டைகளை யார் எண்ணினார்கள்?

பெட்டிக் கணக்கிலும் ஒரு சின்னத் திருட்டு உண்டு, இதைத் திருட்டு என்று சொன்னால் வியாபாரிகளுக்குக் கோபம் வரும். 2x2 என்கிற டைல்ஸ் உண்மையில் 60 செ.மீ.க்கு 60 செ.மீ. நாலு டைல்ஸ் கொண்ட பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. என் தாளில் பெட்டிக்கு 16 என்று கணக்குப் போட்டிருந்தது. 20 பெட்டிக்குப் பத்து சதுர அடி இல்லாத டைல்ஸுக்குப் பணம். அதனால் கடைசியில் சமையலறைத் தரைக்கு ஒரு பெட்டி பற்றவில்லை. திரும்ப வாங்கி வந்தது வேறு பேட்ச். பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச், ஷேடு எண்கள் அச்சடித்திருக்கும், இரண்டும் பழைய பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே நிறம். காலையில் ஜன்னல் வெயில் விழுந்தால் இரண்டு வரிசை மட்டும் சாம்பல் பூத்தது போல் நிற்கிறது.

இப்போது பாத்ரூமுக்கு வருகிறேன். தை மாதம் தரையை உடைத்தோம். நெல்லிக்குப்பம் மேஸ்திரி முதல் டைல்ஸைப் பெயர்த்ததும் கீழே தண்ணீர் தளும்பியது. பாத்ரூம் தளம் மற்ற இடத்தைவிடக் குழியாகத்தான் இருக்கும். அந்தக் குழியின் அடியையும் பக்கச் சுவர்களையும் சுத்தம் செய்து, மூலைகளை உருட்டி, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து, சுவரில் ஓரடியாவது மேலேற்றி, குளம் கட்டி இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் குழியை நிரப்ப வேண்டும். எங்கள் குழியில் ஒரு கோட்கூட இல்லை. தளத்தின் மேல் நேராகக் குப்பை. சிமெண்ட் மூட்டைக் காகிதம், பாக்குப் பொட்டலம், ஒரு பழைய செருப்பு. அதோடு கூடை கூடையாக வெள்ளை டைல்ஸ் துண்டுகள்.

ஒரு துண்டைக் கழுவிப் பார்த்தேன். மூலையில் ஒரு வாத்து ஸ்டிக்கர், பாதி தேய்ந்திருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சமையலறைச் சுவரில் நான் ஒட்டி, அப்பாவிடம் அடி வாங்கிய ஸ்டிக்கர். பழைய சமையலறையை உடைத்த குப்பையை மாடியில் கொட்டி அதன் மேல் பாத்ரூம் கட்டியிருக்கிறார்கள். அதை அப்புறப்படுத்த 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு.

பழைய மேஸ்திரிக்குப் போன் செய்தேன். திட்டத்தான் செய்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா, எனக்குக் கடையில சதுர அடிக் கூலி மட்டும்தான் குடுத்தாங்க. வாட்டர்ப்ரூஃப்னு ஒரு பைசா வரல, மருந்து டப்பாவும் வரல. நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன், கேக்கல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை இன்னும் உறுத்துகிறது. கடைக்காரரோ, "லேபர் மிஸ்டேக் மேடம், நான் டைல்ஸ் வியாபாரி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எது ஆனாலும் பொறுப்பு என்று சொன்ன அதே வாய்.

புகார் விஷயம் கொஞ்சம் எழுதுகிறேன், பலர் பாண்டிக் கடை என்றால் அங்கே போய் அலைய வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், அங்கே பதிவு செய்த பிறகு கடையிலிருந்து 12,000 ரூபாய் தருவதாகப் பேரம் வந்தது, மறுத்துவிட்டேன். பில் இல்லாததுதான் என் பலவீனம் என்று வக்கீல் சொல்கிறார். நல்லவேளை, பணத்தைப் பாதியாவது வங்கி வழியாக அனுப்பியிருந்தேன், அந்த எஸ்டிமேட் தாளில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. உடைத்தபோது எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

இந்த முறை மூன்று நாள் குளம் கட்டி நிறுத்தினோம். நான் லீவு போட்டு உட்கார்ந்து சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுவைத்தேன். அம்மா கீழே பூஜை அறையில் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டவில்லை. கூரையில் ஓதம் இன்னும் காயவில்லை, உப்புப் பூத்து உதிர்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்த பிறகுதான் வெள்ளையடிக்க வேண்டுமாம். அதுவரை முருகன் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.