ஃபேர்டிரேட் முத்திரை: கூடுதல் காசு யாருக்குப் போய்ச் சேருகிறது?

விவசாயிக்கு நியாயமான விலை கிடைத்தது என்பதற்கு அடையாளமாகப் பொருளின் உறையில் அச்சிடும் ஃபேர்டிரேட் முத்திரையை நம்பி அதிக விலை கொடுக்கலாமா? காபிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சாக்லேட் என்றால் உறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இந்த முத்திரை 1988இல் நெதர்லாந்தில், மெக்சிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த காபியோடு தொடங்கியது. மறு ஆண்டே, ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வகுத்திருந்த உலகக் காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீடு முறிந்து விலை சரிந்தது; 2001இல் அராபிகா என்ற காபி வகை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அப்படிப்பட்ட ஆண்டுகளுக்காகத்தான் ஃபேர்டிரேட் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு அது பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்து, 2023 ஆகஸ்டில் 1.80 ஆக உயர்ந்தது. சந்தை விலை அதைத் தாண்டினால் சந்தை விலையையே கொடுக்க வேண்டும். எப்படியானாலும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு பவுண்டுக்கு 20 சென்ட் சமூக நிதி தனி. அதை எதற்குச் செலவிடுவது என்று சங்க உறுப்பினர்கள் கூடி வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம்: அந்த 1.80 டாலர் விவசாயியின் கைக்கு நேராக வருவதில்லை. கப்பலேற்றும் துறைமுகத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைக்கும் விலை அது. தோல் நீக்குவது, தரம் பிரிப்பது, லாரி வாடகை, சங்கத்தின் கடன் எல்லாம் கழிந்த மிச்சம்தான் விவசாயிக்கு. கணக்கு வழக்கு ஒழுங்கில்லாத சங்கத்தில் இந்த மிச்சம் மிகவும் மெலிந்துவிடும்.

சமூக நிதியைக் கோப்பைக் கணக்கில் பார்ப்போம். பவுண்டுக்கு 20 சென்ட் என்றால் கிலோவுக்கு 44. வறுக்கும்போது எடை குறைவதால் ஒரு கிலோ வறுத்த காபிக்கு ஏறக்குறைய 1.2 கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். ஆக 53 சென்ட். கோப்பைக்கு 10 கிராம் போட்டால் நூறு கோப்பை, அதாவது ஒரு கோப்பைக்கு அரை சென்ட். சந்தை விலை குறைந்தபட்ச விலையைத் தாண்டிய ஆண்டில் இந்த நிதி மட்டும்தான் கூடுதல்; அப்போது முத்திரைக்காகக் கடை கேட்கும் கூடுதல் தொகை இதைவிடப் பல மடங்கு என்றால், மிச்சம் இடையிலேயே நின்றுவிடுகிறது. கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கோகோ, சர்க்கரை, தேயிலை, பழச்சாறு ஆகியவற்றுக்கு விதி வேறு. ஆலை 100 டன் முத்திரைக் கோகோ வாங்கி மற்றதோடு கலந்துவிட்டு, அதே 100 டன் கணக்குக்குச் சரக்கை முத்திரையோடு விற்கலாம். உங்கள் கையில் இருக்கும் சாக்லேட்டில் அந்த விவசாயியின் கோகோ ஒரு துளிகூட இல்லாமல் போகலாம். பணம் அவருக்குப் போகிறது என்பதால் இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முத்திரையின் ஓரத்தில் அம்புக்குறி இருந்தால் பின்பக்கத்தில் விளக்கம் இருக்கும். வெள்ளைப் பின்னணி கொண்ட முத்திரை, அதில் பெயர் போட்டிருக்கும் ஒரே மூலப்பொருளுக்கு மட்டும்.

பெரிய குறை இரண்டு. முதலாவது, முத்திரை பெற்ற சங்கத்தின் முழு விளைச்சலையும் அந்த விலையில் வாங்க யாருக்கும் கடமை இல்லை. ஒரு பகுதி மட்டும் அப்படி விற்று, மிச்சம் சாதாரண விலைக்குப் போகும். தணிக்கைக் கட்டணத்தையோ சங்கம் கட்டியே ஆக வேண்டும். இரண்டாவது, சிறு விவசாயியின் நிலத்தில் அறுவடைக்கு வரும் கூலிக்காரர். எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் ஆய்வு செய்து 2014இல் லண்டன் சோவாஸ் கல்லூரி வெளியிட்ட அறிக்கை, முத்திரை உள்ள பகுதிகளில் கூலி மேலாக இல்லை என்றது. நிலமே இல்லாதவரை விட்டுவிடும் நியாயம் அரைகுறைதான்.

இருந்தும், விவசாயிகளின் சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை வாங்குபவர் முன்பணமாகத் தர வேண்டும் என்ற விதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். அறுவடைக்கு முன் கந்துவட்டிக்காரரிடம் விளைச்சலை அடகு வைக்காமல் காப்பது அந்த முன்பணம். காபி வாங்கும்போது சங்கத்தின் பெயரும் அறுவடை ஆண்டும் அச்சிட்ட பையைத் தேர்ந்தெடுங்கள்; பெயர் இல்லாத கலவைப் பையை வைத்துவிடலாம்.