பொயிலர் கவர் பிளானா, தனி எஞ்சினியரா? உள்ளே ஓடும் தண்ணீரைப் பார்த்து முடிவெடுங்கள்

இங்கிலாந்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குக் குளிர் தொடங்கும்போது வரும் கேள்வி இது. மாதாமாதம் காசு கட்டி, பழுது வந்தால் திருத்தித் தரும் ஒரு கொம்பனியின் பொயிலர் கவர் பிளானில் இருப்பதா? அல்லது கவரை விட்டுவிட்டு, நம்பிக்கையான ஓர் எஞ்சினியரை வைத்து வருடாந்த சேர்விஸ் செய்துகொண்டு, பழுது வரும்போது கைக்காசைக் கொடுப்பதா? நாங்கள் பல வருடம் முதலாவதில் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு மாறியவர்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம்தான். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

சிலருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் கவருக்கு ஒரு பென்ஸும் கட்டவேண்டாம். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 11ஆம் பிரிவில் ஹீட்டிங், சுடுதண்ணீர் இரண்டையும் திருத்தி வைத்திருக்கும் கடமையை வீட்டுக்காரர் மேல்தான் போடுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை காஸ் பாதுகாப்புச் சோதனை செய்து, அந்தச் சான்றிதழை இருப்பவர்களிடம் கொடுத்தே ஆகவேண்டும். புதுப் பொயிலர் பூட்டியவர்களுக்கோ தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் இருக்கும். 5 வருடம், 7 வருடம், சிலவற்றுக்கு 10 வருடமும் அதற்கு மேலும். வருடம் தவறாமல் சேர்விஸ் செய்து, அதைப் பொயிலரோடு வந்த புத்தகத்தில் பதிந்து வைத்தால் அந்த உத்தரவாதம் நிற்கும். அதற்கு மேலே கவரும் எடுத்தால் ஒரே பொயிலருக்கு இரண்டு தரம் காசு கட்டுகிறீர்கள்.

ஆகவே மிச்சம் இருப்பவர்கள் உத்தரவாதம் முடிந்த, எட்டுப் பத்து வருடம் ஓடிய பொயிலர் வைத்திருப்பவர்கள். எங்களைப் போல.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கவர் பிளான்கள் பெரும்பாலும் மாதம் 15 முதல் 30 பவுண் வரை போகின்றன. வருடாந்த சேர்விஸ் சிலவற்றில் உள்ளே வரும், சிலவற்றில் வராது. விலை குறைந்த பிளான் என்றால் ஒவ்வொரு தடவை ஆளைக் கூப்பிடும்போதும் 60 முதல் 100 பவுண் வரை நீங்கள் போடவேண்டியிருக்கும். காப்புறுதியாக விற்கப்படும் பிளானில் 12 சதவீதக் காப்புறுதி வரியும் அடங்கியிருக்கிறது. மறுபக்கம், லண்டனில் தனி எஞ்சினியர் ஒருவரின் சேர்விஸ் ஏறக்குறைய 80 முதல் 120 பவுண். சூட்டை ரேடியேற்றருக்கும் சுடுதண்ணீருக்கும் மாற்றிவிடும் டைவேர்டர் வால்வை மாற்ற 200க்கு மேல், விசிறி மாற்ற 250க்கு மேல், மின்பலகை போனால் 300 முதல் 500 வரை. மின்பலகை போன வருடத்தில் பிளான் வைத்திருந்தவர் இலாபம், ஒன்றும் போகாத வருடத்தில் நட்டம். ஐந்தாறு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம். அதனால் விலையை மட்டும் வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

என்னை மாற்றியது ரேடியேற்றருக்குள் ஓடும் தண்ணீர்.

ரேடியேற்றர்கள் உருக்குத் தகட்டால் ஆனவை. அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடும். கொஞ்சம் ஒட்சிசன் உள்ளே போனாலும் உருக்கு அரித்து, கறுப்பான மெல்லிய துகளாகக் கரைந்து வரும். மக்னரைற் என்கிற இரும்பு ஒக்சைட் அது, காந்தத்தில் ஒட்டும். அது ரேடியேற்றரின் அடியில் சேறாகப் படியும். பம்பைத் தேய்க்கும், டைவேர்டர் வால்வை இறுக்கும், பொயிலருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் வெப்பமாற்றியின் ஒடுங்கிய வழிகளை அடைக்கும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பும் கூட. சுடுதண்ணீருக்கான தட்டு வெப்பமாற்றியில் அது படிந்தால், ஷவரில் நிற்கும்போதே தண்ணீர் சூடாகும், குளிரும், திரும்பச் சூடாகும். வயதான பொயிலரில் வரும் விலையான பழுதுகளில் கணிசமானவை இந்த இரண்டில்தான் தொடங்குகின்றன.

இப்போது உங்கள் பிளானின் நிபந்தனைப் புத்தகத்தை எடுத்து, எவை சேராது என்ற பகுதியை வாசியுங்கள். சேறு, சுண்ணாம்புப் படிவு காரணமாக வந்த பழுது சேராது என்று பலவற்றில் இருக்கும். இன்னும் சிலவற்றில், முதல் தடவை திருத்தித் தருவார்கள். அப்போது பவர் ஃப்ளஷ், அதாவது மெஷினால் வேகமாகத் தண்ணீரை ஓட்டி முழு அமைப்பையும் கழுவும் வேலை, செய்யும்படி எழுதித் தந்துவிட்டால், நீங்கள் அதைச் செய்யும்வரை அது தொடர்பான எந்தப் பழுதையும் தொடமாட்டார்கள். அதாவது பொயிலரைக் கொல்லும் முக்கியமான காரணத்துக்குத்தான் நீங்கள் கட்டும் காசில் கவர் இல்லை. அதைத் தடுக்கும் வேலையும் பல பிளான்களின் வருடாந்த வருகையில் இல்லை. வருபவர் பொயிலரைத் திறந்து, புகையை அளந்து, அமுக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார். தண்ணீரைச் சோதிப்பது வேறு வேலை.

எங்கள் வீட்டில் கீழ்த்தளத்து இரண்டு ரேடியேற்றர்கள் மேலே சுட்டன, அடியில் குளிர்ந்தன. பிளானில் வந்தவர் பார்த்துவிட்டு, முழு வீட்டுக்கும் பவர் ஃப்ளஷ் என்று எழுதித் தந்தார். 800 பவுணை ஒட்டிய விலை. செய்யாவிட்டால் இனிவரும் சேற்றுப் பழுதுகளுக்குக் கவர் இல்லை என்ற வரியும் அதே தாளில். எத்தனை ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் எப்படியிருந்தது என்ற எந்தத் தகவலும் அதில் இல்லை. நான் காசைக் கட்டாமல், அயலவர் ஒருவர் சொன்ன தனி எஞ்சினியரைக் கூப்பிட்டேன்.

அவர் முதலில் ஒரு ரேடியேற்றரிலிருந்து கொஞ்சத் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் எடுத்தார். பால் விடாத பிளேன்ரீயைவிடக் கறுப்பு. பிறகு மற்ற ரேடியேற்றர்கள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அவை மேலிருந்து கீழ்வரை சரியாகச் சுட்டன. அடைபட்ட இரண்டையும் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயால் கழுவினார். சுத்தம் செய்யும் இரசாயனத்தை உள்ளே விட்டு, ஒன்றிரண்டு கிழமை ஹீட்டிங்கை வழமைபோல ஓட்டச் சொன்னார். திரும்ப வந்து எல்லாவற்றையும் வடித்து, புதுத் தண்ணீரும் அரிப்புத் தடுப்பானும் விட்டு, பொயிலருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பூட்டினார். வடிகட்டியோடு சேர்த்தும் அந்த 800இல் பாதிக்குக் குறைவாகவே முடிந்தது. இப்போது சேர்விஸுக்கு வரும்போது அந்த வடிகட்டியை என் முன்னாலேயே திறந்து, காந்தத்தில் ஒட்டியதைக் காட்டிவிட்டுத்தான் மூடுவார்.

பவர் ஃப்ளஷ் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவரவில்லை. வீடு முழுக்க ரேடியேற்றர்கள் அடியில் குளிர்ந்தால், பழைய குழாய்களில் புதுப் பொயிலர் பூட்டப் போகிறீர்கள் என்றால், அது தேவைப்படலாம், கொடுக்கும் காசுக்குப் பெறுமதியும் உண்டு. மிக ஒடுங்கிய மைக்ரோபோர் குழாய் உள்ள வீட்டில் அது முழுதாக வேலை செய்யாமலும் போகலாம், முன்கூட்டியே கேளுங்கள். நான் கேட்பது ஆதாரத்தை. எந்த ரேடியேற்றர், எந்த இடத்தில் குளிர்கிறது, தண்ணீரின் படம், தடுப்பான் சோதனையின் முடிவு. மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று. ஒரு சிறு சாவியால் நீங்களே திறந்து விடலாம், அதற்கு ஃப்ளஷ் வேண்டாம். எல்லா ரேடியேற்றரும் சுடும், ஒன்று மட்டும் முழுக்கக் குளிர் என்றால், பெரும்பாலும் அதன் வால்வின் ஊசி சிக்கியிருக்கும்.

ஹீட்டிங் தண்ணீருக்கான பிரித்தானியத் தரநிலை பிஎஸ் 7593. அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, வடிகட்டி பூட்டவேண்டும், தடுப்பானின் அளவை வருடாவருடம் பார்க்கவேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவோ தண்ணீரை ஆய்வுகூடத்தில் சோதிக்கவோ வேண்டும் என்கிறது. எந்த எஞ்சினியரைப் பிடித்தாலும் சேர்விஸில் இதுவும் சேருமா என்று கேளுங்கள். கேள்விக்கு அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

விலையான வேறு பரிந்துரைகளும் இப்படித்தான் வரும். அமுக்கம் அடிக்கடி விழுந்தால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம்கொடுக்கும் விரிவுக் கலன் போய்விட்டது, மாற்றவேண்டும் என்பார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல தடவை அதற்குள் இருக்கும் காற்று மட்டும் இறங்கியிருக்கும், தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றடித்தால் போதும். பகுதிகள் இனிக் கிடைக்காது, புதுப் பொயிலர் போடுங்கள் என்றால், பொயிலரின் தகட்டில் ஏழு இலக்க ஜிசி எண் இருக்கும். உதிரிப்பாகம் விற்கும் தளங்களில் அந்த எண்ணைத் தேடினால் என்ன கிடைக்கிறது, என்ன விலை என்று நீங்களே பார்க்கலாம். உறைபனி நாளில் பொயிலர் நின்றால், புகை குளிர்ந்து உண்டாகும் தண்ணீரை வெளியே விடும் குழாய் உறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி இளக்கிவிட்டு, பொயிலரை மீளத் தொடக்கினால் பல வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரம் பேசவேண்டாம். எஞ்சினியர் உடனடி அபாயம் அல்லது ஆபத்தான நிலை என்ற சீட்டை ஒட்டினால் அது விற்பனைப் பேச்சு இல்லை, பாதுகாப்பு நடைமுறை. பொயிலரை நிறுத்தி வையுங்கள். சந்தேகம் இருந்தால் வேறொரு எஞ்சினியரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம், அதுவரை தொடக்கவேண்டாம். காஸ் மணம் வந்தாலோ, காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி அடித்தாலோ வெளியே வந்து 0800 111 999 என்ற அவசர எண்ணுக்கு எடுங்கள்.

பிளானின் பக்கம் நியாயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தனியே இருக்கும் அம்மா அப்பாவின் வீட்டுக்கு நான் பிளானைத்தான் சொல்வேன். இரவு பத்து மணிக்கு ஹீட்டிங் நின்றால் ஒரே எண்ணுக்கு எடுத்தால் போதும், யாரைப் பிடிப்பது என்று அவர்கள் தவிக்கவேண்டாம். கையில் அவசரத்துக்கு 500 பவுண் எடுக்க முடியாத குடும்பத்துக்கும் மாதக் கட்டணம் ஒரு பிடிமானம். கடுங்குளிர்க் கிழமையில் தனி எஞ்சினியருக்கும் வேலை நிறைந்துவிடும், காத்திருக்க நேரலாம். பிளானில் இருப்பவர்களும் அப்போது காத்திருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் எங்கள் சொந்த அனுபவம் அப்படியான கிழமையில் இன்னும் பரீட்சிக்கப்படவில்லை. நான் எழுதுவது மூன்று அறை வீடு, தாங்கி இல்லாமல் நேரடியாகச் சுடுதண்ணீர் தரும் கொம்பி பொயிலர் என்ற அளவில்தான். சுடுதண்ணீர்த் தாங்கி உள்ள பழைய அமைப்புகளில் என் பழக்கம் குறைவு, அவர்கள் என் கணக்கை அப்படியே எடுக்கவேண்டாம்.

பிளான் எடுப்பதென்றால், அது காப்புறுதியா, வெறும் பராமரிப்பு ஒப்பந்தமா என்று கேளுங்கள். காப்புறுதி என்றால், முறைப்பாட்டுக்கு எட்டுக் கிழமைக்குள் தீர்வு தராவிட்டாலோ தந்த தீர்வு பிடிக்காவிட்டாலோ முறைப்பாடுகளைத் தீர்க்கும் சுயாதீன அமைப்பான நிதிச் சேவைகள் ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். வெறும் ஒப்பந்தம் என்றால் பொதுவாக அந்தக் கதவு இல்லை.

தனி எஞ்சினியரை எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கோயிலிலோ கடையிலோ கேட்டுத்தான் பிடிக்கிறோம். அதில் பிழை இல்லை, எங்களுக்குக் கிடைத்தவரும் வாய்மொழியாக வந்தவர்தான். ஆனாலும் காஸ் வேலைக்குப் பதிவான எஞ்சினியருக்குக் கொடுக்கப்படும் காஸ் சேஃப் அட்டையை அவரிடம் வாங்கி, பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். அட்டை எண்ணைப் பதிவேட்டின் தளத்தில் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். தெரிந்தவர் என்றாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். புதுப் பொயிலர் பூட்டினால், கட்டட விதிமுறைக்கு ஏற்பச் செய்யப்பட்டது என்ற சான்றிதழ் உங்கள் பெயருக்கு வரவேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைக் கேட்பார்.

பிளானில் இருந்து விலக நினைப்பவர்கள், கட்டிய காசுக்குள் வரும் இந்த வருட சேர்விஸை முதலில் செய்வித்து, அறிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் விட்டால் மிச்ச மாதக் காசைக் கேட்கும் பிளான்களும் உண்டு, ஆகவே புதுப்பிக்கும் திகதிக்கு முன்னர் சொல்லிவிடுங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையை ஜூலை, ஓகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எஞ்சினியருக்கும் ஆறுதலாகச் செய்ய நேரம் இருக்கும், ரேடியேற்றரைக் கழற்றி வைத்தாலும் வீடு குளிராது.