பியானோ நாற்காலியா, பெண்கள் குழுவா?

1920-களிலும் 30-களிலும் அமெரிக்க நடன அரங்குகளில் ஜாஸ் இசை வாசித்துப் பிழைக்க நினைத்த ஒரு பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே இருந்தன. ஆண்களின் குழுவில் ஒற்றைப் பெண்ணாகப் பியானோ முன் அமரலாம். அல்லது பெண்கள் மட்டுமே வாசிக்கும் குழுவில் சேரலாம். பாடகி பிளான்ச் காலோவே 1931-இல் செய்ததுபோல ஆண்களின் குழுவுக்கே தலைமை தாங்கியவர்களும் உண்டு என்றாலும், அது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே வாய்த்தது.

முதல் வழிக்குப் பியானோ கலைஞர் லில் ஹார்டினே சரியான சான்று. சிகாகோவில் ஓர் இசைக்கடையில் புதிய பாடல்களை வாசித்துக்காட்டும் வேலையில் இருந்த அவர், நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு குழுவில் சேர்ந்த நாளில் இசைக்குறிப்புத் தாள் எங்கே என்று கேட்டாராம். தாளெல்லாம் கிடையாது, இரண்டு முறை தட்டும் ஓசை கேட்டதும் வாசிக்கத் தொடங்கு என்று பதில் வந்தது. கேளிக்கை விடுதி வேலையைத் தாய் ஏற்கமாட்டார் என்பதால், நடனப் பள்ளியில் வாசிப்பதாக வீட்டில் சொல்லி வைத்தார். பின்னர் கிங் ஆலிவர் குழுவில் 1923-இலும், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழுவில் 1925 முதலும் அவர் வாசித்தவை இசைத்தட்டுகளில் பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஆண்டி கிர்க்கின் குழுவில் முதலில் கணவரோடு உடன்சென்று, அவ்வப்போது மாற்று ஆளாக மட்டும் வாசித்த மேரி லூ வில்லியம்ஸ், 1942-இல் விலகியபோது அக்குழுவின் முதன்மை இசையமைப்பாளராகவே உயர்ந்திருந்தார்.

ஆனால் இந்த வாசல் ஏறக்குறைய பியானோவுக்கு மட்டுமே திறந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பியானோ கற்பிப்பது குடும்பத்துக்கு மதிப்பு. டிரம்பெட்டும் டிராம்போனும் பெண்ணுக்கு ஆகாதவை என்பதே ஊர் நினைப்பு. 1938-இல்கூட டவுன்பீட் என்ற ஜாஸ் இதழ், பெண் கலைஞர்கள் ஏன் தரத்தில் தாழ்ந்தவர்கள் என்று விளக்க ஒரு கட்டுரையையே வெளியிட்டது. எழுதியவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஊதுகருவி பயின்றவர்களுக்குப் பெண்கள் குழுவே கதி. அங்கும் எந்தக் குழு என்ற கேள்வி எழுந்தது. 1934-இல் ஐனா ரே ஹட்டனை முன்னிறுத்தி ஏற்பாட்டாளர் இர்விங் மில்ஸ் உருவாக்கிய 'மெலோடியர்ஸ்' பாரமவுண்டின் குறும்படங்களில் தோன்றியது. விளம்பரம் எல்லாம் ஹட்டனின் பொன்னிறக் கூந்தலையும் மின்னும் உடைகளையும் சுற்றியே இருந்ததால், பின்னால் அமர்ந்து தேர்ச்சியோடு வாசித்தவர்களின் பெயர்கள் ரசிகர்களின் காதுக்கு எட்டவே இல்லை. மிசிசிப்பியின் பைனி வுட்ஸ் பள்ளியில், அதற்கு நிதி திரட்டுவதற்காக 1937-இல் தொடங்கிய 'இண்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' இதற்கு நேர்மாறானது. கருப்பினப் பெண்களே மிகுந்திருந்த இக்குழு 1941-இல் பள்ளியை விட்டுப் பிரிந்தது. தென் மாநிலங்களில் உணவகமும் விடுதியும் மறுக்கப்பட்டதால் பேருந்திலேயே உண்டு உறங்கியது. 1943-இல் சேர்ந்த வெள்ளையினச் சாக்ஸபோன் கலைஞர் ரோஸ் கிரான், வெள்ளையரும் கருப்பரும் கலப்பதைத் தடுத்த நிறப் பிரிவினைச் சட்டத்துக்கு அஞ்சி, முகத்தில் கருஞ்சாயம் பூசிக்கொண்டு மேடையேறினார். ஆனாலும் டைனி டேவிஸின் டிரம்பெட்டும் வை பர்ன்சைடின் சாக்ஸபோனும் தனித்து ஒலிக்க இடம் தந்த மேடை அதுவே.

பியானோ தெரிந்தவர் முதல் வழியைத் தயங்காமல் எடுத்திருக்கலாம் என்பதே என் கணிப்பு. சாக்ஸபோனோ டிரம்பெட்டோ கையிலிருந்தால், வசதி குறைந்தாலும் ஸ்வீட்ஹார்ட்ஸ் பேருந்தில் ஏறுவதே மேல். மெலோடியர்ஸ் 1939-இல் கலைந்தது. மறு ஆண்டே ஹட்டன் புதுக்குழு ஒன்றுக்குத் தலைமையேற்றார். அதில் வாசித்தவர்கள் அனைவரும் ஆண்கள்.