ஒப்பரேஷனுக்கு முன் பிள்ளையின் பயம்: போனா, மருந்தா, சொல்லிவைப்பதா?

மட்டக்களப்பில் எங்கள் நாலு வயது மகனுக்குக் குடலிறக்க ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்ததும், அவன் பயத்தைத் தணிக்க மூன்று வழிகளை யோசித்தோம்: போனில் கார்ட்டூன், மயக்க மருந்து வைத்தியர் தரும் அமைதி மருந்து, விளையாட்டாக முன்பே சொல்லிவைப்பது. மூன்றாவதைத்தான் பிடித்துக்கொண்டோம்.

கார்ட்டூன் வாட்டில் காத்திருக்கும் நேரத்துக்கு நல்லது. அவ்வளவுதான்.

அமைதி மருந்தாகப் பெரும்பாலும் கொடுப்பது மிடாசோலம். குடித்து அரை மணிக்குள் வேலை செய்யும். ஆனால் கசக்கும், அபூர்வமாகச் சில பிள்ளைகள் அமைதியாகாமல் முரண்டு பிடிப்பதும் உண்டு. கடுமையாக மிரளும் பிள்ளைக்கு இது தேவைப்படலாம், அதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். எங்கள் மகனுக்குக் கொடுக்கவில்லை, ஆகவே அனுபவமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எங்களை முடிவெடுக்க வைத்தது ஒப்பரேஷன் தியேட்டர் வாசல். போன் அங்கேயே நின்றுவிடும், பல இடங்களில் அம்மாவும்தான். அம்மா கூடப் போனாலும் அது மட்டும் பிள்ளையின் பதற்றத்தைக் குறைப்பதில்லை என்கிறது 2015இல் வந்த கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு. உள்ளே என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்பரேஷனுக்கு இரண்டு நாள் முன்புதான் சொன்னோம். ஆறு வயதுக்கு மேல் என்றால் ஒரு கிழமை முன்பே சொல்லலாம். சின்னவர்களுக்கு அது வீண் பயம். பொம்மைக்குத் தொப்பி போட்டு, பிளாஸ்டிக் கோப்பையை முகமூடியாக வைத்து, பலூன் ஊதுவதுபோல மூச்சு விடப் பழக்கினோம். இரவு நித்திரை வேறு, இது மருந்தால் வரும் நித்திரை, வேலை முடியுமட்டும் முழிப்பு வராது என்றோம். வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லவில்லை. பொம்மையையும் பட்டினி போட்டோம்! சாப்பாடு, பால்மா ஆறு மணித்தியாலத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்துவது வழமை (உங்கள் வாட்டில் சொல்வதைக் கேளுங்கள்). பசியும் பயமும் சேர்ந்தால் எந்தப் பிள்ளையும் தாங்காது.

வீட்டுப் பெரியவர்களிடமும் பேசத்தான் வேண்டும். “குழப்படி செஞ்சா ஊசி போடச் சொல்லுவன்” என்பது அம்மம்மாவின் வழக்கம். “அம்மா, இவனுக்கு முன்னால ஊசிக் கதை எடுக்காதீங்க” என்று கேட்டுக்கொண்டோம், அவரும் விட்டுவிட்டார்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்த விளையாட்டு எவ்வளவு விளங்கும் என்பது சந்தேகம்தான். அப்புறம், “எழும்பும்போது அம்மா பக்கத்தில இருப்பன்” என்று வாக்குக் கொடுக்குமுன், பிள்ளை முழிக்கும் இடத்துக்கு உங்களை விடுவார்களா என்று கிளினிக்கிலேயே தாதி மிஸ்ஸிடம் கேளுங்கள். விடமாட்டார்கள் என்றால், வாட்டுக்கு வந்ததும் அம்மாவைக் காணலாம் என்று சொல்லுங்கள்.