வெள்ளைப்புலிக்கு எது: சூப்பர் ஹார்னெட்டா, இரண்டு சீட் ரஃபேலா?

இந்தியக் கடற்படை நிறத்தில் ஒரு வாட்-இஃப் (அப்படி நடந்திருந்தால் என்ற கற்பனை) பிளாஸ்டிக் விமான மாடல் செய்யலாம் என்று உட்கார்ந்தால் பலரும் முதலில் எடுப்பது, விமானந்தாங்கிக் கப்பலுக்கான ஒரு சீட் பிரெஞ்சு விமானமான ரஃபேல் எம்மின் கிட். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2025 ஏப்ரலில் 26 விமானங்களுக்கு ஒப்பந்தமே போட்டாகிவிட்டது, நிஜ விமானம் வந்து நிற்கும் அன்றைக்கு நம் பெயிண்ட் சரியா தப்பா என்றுதான் பார்ப்பார்கள். வாட்-இஃப் என்றால் நடந்திருக்கலாம், ஆனால் நடக்காமல் போனது என்று இருக்க வேண்டும். அந்தக் கணக்கில், கடற்படையின் 300ஆம் ஸ்குவாட்ரனான வெள்ளைப்புலிகளுக்குத் தேறுவது இரண்டு.

முதலாவது அமெரிக்கக் கடற்படைப் போர் விமானமான எஃப்/ஏ-18இ சூப்பர் ஹார்னெட். 2022ல் கோவாவில் ஐஎன்எஸ் ஹன்சா தளத்தின் ஸ்கீ ஜம்ப்பில் (கப்பல் தளத்தில் இருப்பது போல முனை மேலே வளைந்த ஓடுபாதை) ஏறிப் பறந்து காட்டிய விமானம் இது, ரஃபேலோடு கடைசிவரை போட்டியில் நின்று தோற்றது. ஆகவே கதைக்கு நாம் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. ஆயுதமும் அப்படித்தான், கப்பலைத் தாக்கும் ஹார்பூன் ஏவுகணை நம் கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்களுக்கு ஏற்கனவே வாங்கியது என்பதால் இறக்கைக்கடியில் தயங்காமல் மாட்டலாம்.

இரண்டாவது, இரண்டு சீட் கடற்படை ரஃபேல். பிரான்ஸ் இதை ரஃபேல் என் என்ற பெயரில் திட்டமிட்டு, செலவைப் பார்த்து 2004ல் கைவிட்டது. நாம் வாங்கும் 26ல் நான்கு இரண்டு சீட் விமானங்கள் கப்பலில் இறங்க முடியாதவை, தரைத்தளத்திலிருந்து மட்டும் பறக்கும். அந்த நான்கும் நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் இறங்க முடிந்திருந்தால்? கேள்வி என்ற அளவில் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

ஆனால் வேலை? கிட் கம்பெனியான ஹாபி பாஸ், தரைத்தளத்துக்கான இரண்டு சீட் ரஃபேல் பி, கப்பலுக்கான எம் இரண்டு வகையையும் போட்டிருக்கிறது, அதனால் இரண்டு கிட் வாங்கி ஒன்றாக்க வேண்டும். நல்ல விஷயம், இரண்டுக்கும் நீளம் ஒன்றுதான், 15.27 மீட்டர். உடம்பை நீட்டவோ குறைக்கவோ வேண்டாம். கஷ்டம் முன் சக்கரத்தில் இருக்கிறது. எம் வகையின் முன் கால் உயரம், தடிமன் எல்லாமே வேறு, அது மடங்கும் குழியும் பெரிது, அந்த இடத்துக்காக வயிற்றில் ஒரு ஆயுதத் தாங்கியையே விட்டிருக்கிறார்கள். அந்தக் குழியை எம் கிட்டிலிருந்து அறுத்து பி கிட்டின் வயிற்றில் பதிக்கணும், பின்னால் கப்பலில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்கும் ஹூக்கையும் அது உட்காரும் பகுதியையும் மாற்றணும், அப்புறம் புட்டி, சாண்ட் பேப்பர், அழிந்த பானல் லைன்களை (தகடுகள் சேரும் கோடுகள்) திரும்பக் கீறுவது என்று வாரக்கணக்கில் போகும். இத்தனைக்கும் அப்புறம் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது சாதாரண ரஃபேல் பிதான்.

சூப்பர் ஹார்னெட்டில் அறுக்க ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயின் உள்மூட்டு மட்டும் படுத்தும், ஒட்டுவதற்கு முன்பே உள்ளே வெள்ளை அடித்துவிடுங்கள். 1/48 அளவில் (நிஜத்தில் 48ல் ஒரு பங்கு) 38 செ.மீ. நீளம் வருகிற பெரிய உருப்படி, ஆனால் இறக்கையை மடக்கி வைத்தால் அகலம் சுமார் 20 செ.மீ. அளவில் அடங்கும். ரஃபேலில் இறக்கை மடங்காது, அலமாரியில் இடம் குறைவு என்றால் இதுவே பெரிய காரணம்.

நிறத்துக்கு இன்றைய மிக்-29கே போல வெறும் சாம்பல் அடிக்கலாம். நான் 1983ல் வந்த சீ ஹாரியரின் பழைய நிறத்தைத்தான் எடுப்பேன்: மேலே எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, கீழே வெள்ளை. 300ஆம் ஸ்குவாட்ரன், வெள்ளைப்புலிகள். அவ்வளவு பெரிய முதுகில் அந்தக் கருஞ்சாம்பல் படர்ந்து, சரிந்து நிற்கும் இரண்டு வால்களிலும் ஸ்குவாட்ரன் சின்னமான புலி பாய்ந்தால், கடற்படை விமானம் தெரிந்த யாரும் பக்கத்தில் வந்து பார்க்காமல் போக மாட்டார்கள்.

டீகாலில் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுச் சின்னங்கள்) இரண்டு விஷயம். இந்திய விமானச் சின்னத்தின் காவி வளையத்தை நேரே கருஞ்சாம்பல் மேல் ஒட்டினால் அடியிலுள்ள நிறம் ஏறி செங்கல் நிறமாகிவிடும், எனக்கு ஆகியிருக்கிறது, அதனால் முதலில் அதே அளவில் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டிக் காயவிட்டு அதன்மேல் ஒட்டுங்கள். புலியை ஒன்று நேராகவும் ஒன்று இடவலம் திருப்பியும் அச்செடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாலில் புலி மூக்குப் பக்கம் பாயும், இன்னொன்றில் பின்பக்கம் ஓடும்.